ரிமோட்டில் இல்லாத எண்

ஆடிப்பெருக்கன்று புது டிசைன்களின் மாதிரி ஆல்பங்களை வெளியிட்டதும் சிவகாசி அச்சகங்கள் அடுத்த ஆண்டுக் காலண்டர் வேலையில் இறங்கிவிடும். புரட்டாசியில் ஆர்டர் குவியும், கார்த்திகையில் லாரி ஏறும். நடுவில் வருகிறது ஐப்பசி அடைமழை. ஆண்டில் பெரும்பகுதி வெயிலில் காயும் ஊரில், மெஷின் ஓயாமல் ஓடும் மாதங்களும் காற்று நசநசக்கும் மாதங்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

காகிதத்துக்கு இது சோதனைக் காலம். அதன் நார் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து அகலவாக்கில் ஊதும். காற்று காய்ந்தால் ஈரத்தை விட்டுச் சுருங்கும். ஆஃப்செட்டில் ஒரு படம் தெளிவாக வர நாலு கலர் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழ வேண்டும். இரண்டு கலர் மெஷினில் காலையில் இரண்டை ஓட்டி, மாலையில் மீதியை ஓட்டுவதற்குள் தாள் அரை மில்லிமீட்டர் வளர்ந்துவிட்டால் போதும். முருகனின் வேலுக்கு ஒரு பக்கம் நீலக் கரையும் மறுபக்கம் சிவப்புக் கரையும் முளைத்துவிடும். "ரிஜிஸ்டர் நிக்கலை அண்ணாச்சி" என்று மெஷின்மேன் கையை விரிப்பார். அதனால்தான் நல்ல அச்சு அறைகளில் ஈரப்பதத்தை 50 முதல் 55 சதவீதத்துக்குள் நிறுத்தப் பார்க்கிறார்கள். அங்கே ஏ.சி. ஓடுவது முதலில் தாளுக்காக. மெஷின்மேனுக்குக் குளிர்வது அப்புறம்தான்.

ஏ.சி. பிறந்த கதையும் இதுவேதான். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட்-வில்ஹெம்ஸ் என்ற அச்சகத்தில் கோடையில் இதே கலர் தகராறு. பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தில் வேலை பார்த்த 25 வயதுப் பொறியாளர் வில்லிஸ் கேரியரிடம் அது வந்து சேர்ந்தது. குளிர்ந்த குழாய்களின் மீது காற்றை ஊதினால் அதிலுள்ள நீராவி குழாயில் துளியாகப் படிந்துவிடும். குழாயின் குளிரைக் கூட்டிக் குறைத்தால் காற்றில் மிஞ்சும் ஈரத்தையும் கூட்டிக் குறைக்கலாம். 1902 ஜூலை 17 என்று தேதியிட்ட அவருடைய வரைபடத்தின் இலக்கு, ஆண்டு முழுவதும் 55 சதவீத ஈரப்பதம்.

அதே இயந்திரம் நம் படுக்கையறைக்கு வந்தபோது ரிமோட்டில் டிகிரி மட்டும் நின்றது. சதவீதம் காணாமல் போனது. குளிர்ந்தும் தீராத புழுக்கத்துக்கும், கணக்கில் பிடிபடாத மின்கட்டணத்துக்கும் காரணம் தேடினால் பலமுறை அந்த விடுபட்ட எண்ணில்தான் போய் முட்ட வேண்டியிருக்கிறது.

ஒரே மாவட்டம், மூன்று காற்று

சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தின் தொழில்களுக்கு அந்த எண் அத்துப்படி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி இது. ஆண்டு மழை சுமார் 800 மி.மீ.; அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பித் தீப்பெட்டி ஆலை தொடங்கியபோது, இந்தக் காய்ந்த காற்றுதான் அவர்களுக்குச் செலவில்லாத உலர்கலன். தீக்குச்சியும் பட்டாசும் நமுத்துப் போகாமல் காய்ந்தன.

பட்டாசு மருந்தில் ஈரம் கெடுப்பது தரத்தை மட்டுமல்ல. அலுமினியப் பொடியும் வெடியுப்பும் கலந்த மருந்து ஈரம் பட்டு நீர்த்துப்போனால், அலுமினியம் தண்ணீரோடு மெல்ல வினைபுரிந்து சூட்டையும் ஹைட்ரஜன் வாயுவையும் வெளிவிடும். குவித்து வைத்த மருந்தில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கினால், ஆள் தொடாமலே பற்றிக்கொள்ளும். இதைத் தடுக்கச் சில கலவைகளில் போரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. காற்று மிகவும் காய்ந்தாலும் ஆபத்துதான்: உடலிலும் உடையிலும் நிலைமின்சாரம் சேரும், ஒரு சிறு பொறி போதும். மருந்து அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவதும், பருத்தி உடை உடுத்துவதும் அந்த மின்சாரம் உடலில் தங்காமல் இருப்பதற்காக.

மலையடிவாரத்து ராஜபாளையத்தில் கதை தலைகீழ். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து அது நூற்பாலை ஊர். காய்ந்த காற்றில் பஞ்சு பறக்கும், நூல் அறும். அதனால் அங்கே காற்றில் தண்ணீரைத் தெளித்து 55, 60 சதவீதத்துக்கு ஏற்றுகிறார்கள். பட்டாசுக்குக் காய்ந்த காற்று, நூலுக்கு ஈரக் காற்று, அச்சுக்கு நடுவாந்தரம். மனிதருக்கு? 40 முதல் 60 சதவீதம் சுகம். அதற்கு மேலே போகப் போக வியர்வை ஆவியாகாமல் உடம்பில் தேங்கும். சுவரில் பூஞ்சணமும் மெத்தையில் தூசிப்பூச்சியும் பெருகும்.

சதவீதம் செய்யும் மாயம்

ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் காற்றில் முப்பது பங்கு தண்ணீர் என்று பொருளல்ல. அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய அளவில் முப்பது சதவீதம் நிரம்பியிருக்கிறது, அவ்வளவுதான். 40 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 51 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் 23 கிராம்தான்.

சித்திரை மதியம், வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உதடு காயும் அளவுக்கு வறட்சி. அதே காற்றை, ஒரு சொட்டு நீரைக்கூட எடுக்காமல், 25 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஈரப்பதம் சுமார் 70 சதவீதமாக ஏறிவிடும். விருதுநகரின் வறண்ட வெயிலில்கூட ஏ.சி.யின் குழாயில் தண்ணீர் சொட்டுவது இதனால்தான். குளிர்விப்பது பாதி வேலை, பிழிந்தெடுப்பது மீதி.

பிழிவதற்குச் செலவு உண்டு. ஒரு லிட்டர் நீராவியைத் தண்ணீராக்கும்போது வெளிவரும் வெப்பம் 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஏ.சி. ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று, நாலு யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் என்பதால், நமக்கு ஆகும் செலவு லிட்டருக்குச் சுமார் 0.2 யூனிட்.

பக்கெட் சொல்லும் கணக்கு

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரவு படுக்கும்போது ஏ.சி.யின் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் ஒரு பக்கெட்டை வையுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே சுமார் 34 கன மீட்டர் காற்று இருக்கும். மேலே சொன்ன சித்திரைக் காற்றை 25 டிகிரி, 50 சதவீதத்துக்குக் கொண்டுவர எடுக்க வேண்டிய தண்ணீர் 130 மில்லிதான். ஒரு டம்ளர்கூட நிரம்பாது. தூங்குகிறவர் மூச்சிலும் தோலிலும் மணிக்குச் சுமார் 40 கிராம் ஈரத்தை விடுவார். இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் அரை லிட்டருக்கு மேல். இரண்டையும் கூட்டினாலும் முக்கால் லிட்டரைச் சற்றே தாண்டும்.

விடிந்து பார்க்கும்போது பக்கெட்டில் ஐந்து லிட்டர் நின்றால்? மிச்சம் நாலு லிட்டருக்கு மேல் கதவிடுக்கிலும், ஜன்னல் சந்திலும், திறந்து கிடந்த குளியலறையிலும், உள்ளே காயப்போட்ட துணியிலும் இருந்து வந்தது. ஐந்து லிட்டரைப் பிழிய இரவுக்கு ஒரு யூனிட். இரண்டு மாதத்தில் 60 யூனிட். 2016-இல் தமிழக அரசு வீடுகளுக்கு இலவசமாக அறிவித்த 100 யூனிட்டில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீராகச் சொட்டிப் போகிறது. கதவின் அடியில் ஒரு ரப்பர் பட்டையும், ஜன்னல் சந்தில் ஒரு நுரை நாடாவும் ஒட்டினால் அடுத்த வாரமே பக்கெட்டில் வித்தியாசம் தெரியும். கிடைக்கும் தண்ணீர் செடிக்கும் வீடு துடைக்கவும் ஆகும். குழாயின் உலோகமும் அறையின் தூசியும் கலந்தது என்பதால் குடிக்கக் கூடாது.

சித்திரைக்கு ஒன்று, ஐப்பசிக்கு ஒன்று

ஆண்டு முழுக்க ஏ.சி.யை ஒரே மாதிரி ஓட்டுவதில்தான் பணம் கரைகிறது.

கோடையில் இந்த வட்டாரத்துக்கு ஒரு சலுகை உண்டு. 40 டிகிரி, 30 சதவீதக் காற்றில் நனைந்த துணி சுற்றிய வெப்பமானி சுமார் 26 டிகிரி காட்டும். தண்ணீர் ஆவியானால் அதுவரை குளிர வாய்ப்பிருக்கிறது என்று அர்த்தம். நல்ல ஏர் கூலர் அந்தக் காற்றை 29, 30 டிகிரிக்கு இறக்கிவிடும், ஏ.சி. தின்னும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கே அதற்குப் போதும். ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்ட வேண்டும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள தெருவில் தொட்டி நிரப்பும் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூலரையும் ஏ.சி.யையும் ஒரே அறையில் ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது. கூலர் மணிக்குச் சில லிட்டரைக் காற்றில் ஏற்றும், ஏ.சி. அதைக் காசு கொடுத்து இறக்கும்.

பகல் கூலருக்கு, இரவு ஏ.சி.க்கு என்று பிரித்துக்கொண்டால், இரவில் 26 டிகிரியும் மெல்லச் சுழலும் மின்விசிறியும் போதும். காற்று மேலே படும்போது இரண்டு, மூன்று டிகிரி குறைந்தாற்போல இருக்கும். 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி வர வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. சொல்கிறது.

ஐப்பசியில் நிலைமை வேறு. வெளியே 27 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். இந்தக் காற்று அறைக்குள் ஒருமுறை முழுதாக மாறினால் ஏ.சி. பிழிய வேண்டியது 350 மில்லி, சித்திரையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ரிமோட்டில் 25 வைத்தால் இரண்டு டிகிரி குறைந்ததும் கம்ப்ரஸர் நின்றுவிடும். காயில் எனப்படும் குளிர்ந்த குழாயில் படிந்த நீரை ஃபேன் மறுபடி அறைக்குள்ளேயே ஊதிவிடும். குளிர்கிறது, ஆனால் பிசுபிசுக்கிறது. பொறுக்காமல் 20-க்கு இறக்கினால் சுவரும் பீரோவும் சில்லென்று ஆகி, கதவு திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்றின் ஈரம் அவற்றின் மேல் வேர்க்கும். பட்டுப்புடவையில் பூஞ்சணம் பிடிப்பது இப்படித்தான்.

ரிமோட்டில் நீர்த்துளிப் படத்தோடு இருக்கும் 'டிரை' பொத்தான் இந்த நாட்களுக்காகத்தான் இருக்கிறது. அதில் ஃபேன் மெதுவாக ஓடும். காற்று குளிர்ந்த காயிலோடு கூடுதல் நேரம் உரசி, குளிர்வதைவிட அதிகமாகக் காயும். சித்திரையில் அதே பொத்தானை அழுத்தினால் அறை குளிரவே குளிராது. 'கூல்' பொத்தானில் ஓட்டுவதானால் ஃபேனை 'ஆட்டோ'வில் விடுவது நல்லது. மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் ஏ.சி.யே வேண்டாம், எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டால் போதும்.

இத்தனைக்கும் தேவை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு ஈரப்பதமானி. அது ஒழுங்காகக் காட்டுகிறதா என்று சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. பாட்டில் மூடியில் தூள் உப்பை வைத்து, கரையாமல் சேறாகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் மானியையும் காற்றுப் புகாத பையில் போட்டு ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் 75 சதவீதத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். உப்புக் கரைசல் தன்னைச் சுற்றியுள்ள காற்றை அந்த எண்ணிலேயே பிடித்து நிறுத்தும். சமையலறை உப்பு ஜாடி நீர்க்கத் தொடங்கினால் வீட்டுக் காற்று அந்த எல்லையை நெருங்கிவிட்டது என்று மானி இல்லாமலே சொல்லிவிடலாம். கல்லுப்பு இன்னும் முன்னதாகவே கசியும்.

டன் எவ்வளவு?

புது ஏ.சி. வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. டன் என்பது ஒரு டன் பனிக்கட்டியை ஒரு நாளில் உருக்கும் வெப்பத்தின் அளவு. ஒன்றரை டன் என்றால் சுமார் 5.3 கிலோவாட். ஒரு டன் போதுமான அறையில் ஒன்றரை டன் மாட்டினால், பழைய வகை ஏ.சி. சில நிமிடங்களில் டிகிரியை இறக்கிவிட்டு நிற்கும், மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். காயிலிலிருந்து தண்ணீர் வடிந்து குழாய்க்குப் போவதற்குள் கம்ப்ரஸர் ஓய்ந்துவிடும். இன்வெர்ட்டர் வகை வேகத்தைக் குறைத்து ஓடிச் சமாளிக்கும். ஆனாலும் அளவுக்கு மீறிய டன்னில் மழைக்காலத்து ஈரத்தை அதனாலும் சரியாக எடுக்க முடியாது. மொட்டைமாடியில் வெள்ளைப் பூச்சு அடித்து, மேற்கு ஜன்னலுக்கு நிழல் கொடுத்துவிட்டு அப்புறம் டன்னைக் கணக்கிட்டால் சின்ன ஏ.சி.யே போதும்.

கடையில் இந்தக் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள். "அண்ணாச்சி, ஒன்றரை டன்னே போட்டிருங்க, சட்டுன்னு குளிர்ந்திரும்" என்பார்கள். பொய்யில்லை, சட்டென்று குளிரத்தான் செய்யும். ஐப்பசியில் அந்த அவசரம்தான் நமக்கு ஆகாது.