ரயில் இல்லாத ஊரில் ரயில் டிக்கெட்!

அந்தமானில் ரயில் ஓடுவதில்லை. ஆனால் போர்ட் பிளேயரில் ரயில்வே முன்பதிவு கவுண்ட்டர் உண்டு!

காரணம் தீவுத் தமிழர்களுக்குத் தெரிந்ததுதான். கப்பலில் சுமார் 3 நாள் பயணம் செய்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கினால் மட்டும் ஊர் வந்துவிடாது. மதுரைக்கும் நெல்லைக்கும் போக ரயில் ஏற வேண்டும். வேலூருக்குச் சிகிச்சைக்குச் செல்வோர் கதையும் அதுவே. கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால், முன்கூட்டி எடுத்த டிக்கெட் வீண். பிறகு 'தட்கல்' டிக்கெட்தான் கதி.

ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி. அந்த நிமிடத்தில் நாடே ஒரே கதவைத் தட்டுகிறது.

ஐந்து பேரேடுகள்

ரயில்வேயில் கம்ப்யூட்டர் முன்பதிவு 1985-ல் டெல்லியில் தொடங்கியது. பின்னர் மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என மொத்தம் ஐந்து மையங்கள் ஏற்பட்டன. 1999-ல் ஐந்தும் ஒன்றாக இணைக்கப்பட்டன. ஒவ்வொரு ரயிலின் கணக்கும் ஏதாவது ஒரு மையத்தில் இருக்கும். எந்த ஊர்க் கவுண்ட்டரில் கேட்டாலும் கேள்வி அங்கே ஓடிப் பதில் கொண்டு வரும்.

2002 ஆகஸ்டு 3-ந் தேதி இன்டர்நெட் விற்பனை ஆரம்பமானது. முதல் நாள் விற்றவை முப்பதுக்கும் குறைவு! பத்தே ஆண்டுகளில் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் கொடுத்தும் போதவில்லை. 2014-ல் நிமிடத்துக்கு 7,200 டிக்கெட், ஒரே நேரத்தில் 1,20,000 பேர் என்ற அளவுக்குப் புதிய அமைப்பு வந்தது. 2025 மே 22-ந் தேதி காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் விற்றது.

கடைசிப் பொங்கல் யாருக்கு?

இந்த வேலையைச் செய்யும் கம்ப்யூட்டருக்குப் பெயரே 'சர்வர்'தான். வேலையும் ஓட்டல் சர்வரின் வேலைதான். கேட்டதைக் கொண்டு வந்து கொடுப்பது. கூட்டம் கூடினால் முதலாளி என்ன செய்வார்? முதலில் இருக்கும் ஆளை விரட்டுவார். அதற்கும் ஓர் எல்லை உண்டல்லவா? பிறகு பத்துப் பேரை அமர்த்துவார். வாசலில் ஒருவரை நிறுத்தி, வருகிறவர்களை மேஜை மேஜையாகப் பிரித்து அனுப்பச் சொல்வார். கம்ப்யூட்டர் உலகிலும் வழி இதுவே.

'இன்று என்ன இருக்கிறது?' என்று விசாரித்துவிட்டுப் போகிறவர்களைச் சமாளிப்பது எளிது. பட்டியலைப் பத்துப் பிரதி எடுத்துப் பத்து இடத்தில் ஒட்டிவிடலாம். சிக்கல் கடைசி ஒரு தட்டுப் பொங்கலில்தான்! இரண்டு சர்வர்கள் அதை இரண்டு பேருக்கு வாக்களித்தால் சண்டை. ஒரு படுக்கையை இருவருக்கு விற்கக் கூடாது. எனவே ஆயிரம் பேர் கேட்டாலும், அந்தப் படுக்கையின் கணக்கு மட்டும் ஒரே இடத்தில், ஒருவர்பின் ஒருவராகத்தான் எழுதப்படும்.

ஆக, யார் கேள்வி முதலில் போய்ச் சேருகிறதோ அவருக்கே இடம். தீவுக்காரர் அடிபட்டது இங்கேதான்.

விண்ணுக்குப் போய் வந்த கேள்வி

முன்பு அந்தமானின் தொடர்பு முழுவதும் செயற்கைக்கோள் வழி. அது இருப்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில். கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அப்படியே திரும்ப அரை வினாடி ஆகும். ஒரு டிக்கெட் எடுக்கப் பல முறை கேள்வி-பதில் நடக்கிறது. அந்தக் குறுகலான பாதையைத் தீவு முழுவதும் பங்கிட்டுக் கொண்டது வேறு. டெல்லியில் எத்தனை சர்வர் சேர்த்தாலும், வாசலுக்கே தாமதமாக வருகிறவருக்கு என்ன லாபம்?

2020 ஆகஸ்டு 10-ந் தேதி சென்னை-அந்தமான் கடலடிக் கேபிளைப் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர், செலவு ரூ.1,224 கோடி. போர்ட் பிளேயர் மட்டுமின்றி (2024 முதல் இதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் உள்பட வேறு 7 தீவுகளுக்கும் இணைப்பு கிடைத்தது. சென்னைக்குக் கேள்வி போய்ச் சேர இப்போது வினாடியில் நூறில் ஒரு பங்கு போதும்.

வரிசையில் வேறு தில்லுமுல்லும் இருந்தது. தட்கல் திறக்கும் முதல் 5 நிமிடத்தில் உள்ளே நுழைய முயல்வதில் பாதிவரை மனிதர்களே அல்ல, தானாக இயங்கும் 'பாட்' நிரல்கள் என்று 2025-ல் ரயில்வே கூறியது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கே இன்டர்நெட்டில் தட்கல் என்று விதி வந்தது. நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் டிக்கெட், 40 லட்சம் விசாரணை என்ற அளவுக்கு விரிவாக்கும் திட்டத்தையும் ரயில்வே அறிவித்தது.

ஆனால் ஒரு பெட்டியில் படுக்கைகள் அதே 72 அல்லது 80தான். நடுக்கடலில் செல்போனும் வேலை செய்யாது. கப்பல் சென்னையை நெருங்கும் நாளில் தட்கல் எடுக்க வேண்டுமானால், ஆதார் சரிபார்த்த கணக்கு வைத்திருக்கும் உறவினர் ஒருவர், காலை 10 மணிக்குக் கரையில் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும்.