பனிக்கட்டி ராணி!
பந்தயம் முடிந்த பிறகு என்ன செய்தார்?

ஜீயபுரத்தில் காவிரி வெள்ளமாக ஓடும். கோடையில் மணலாகக் கிடக்கும். ஆனால் உறைந்து கல்லாவது மட்டும் கிடையாது! திருச்சி வெயிலில் ஐஸ் என்றால் சர்பத்தில் போடும் துண்டுதான் நினைவுக்கு வரும்.

ஐரோப்பாவின் வடகோடியில் நார்வே என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் ஏரியும் குளமும் உறைந்து பாளமாகிவிடும். பிள்ளைகள் பூட்சின் அடியில் கத்தி போன்ற எஃகுத் தகட்டைப் பொருத்திக்கொண்டு, அந்தப் பனிப்பாளத்தின் மேல் வழுக்கிக்கொண்டே ஓடுவார்கள். ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கு நீச்சல் எப்படியோ, அப்படி அவர்களுக்கு இது. இந்த விளையாட்டோடு நடனமும் சேர்ந்தால், அதுதான் பனிச்சறுக்கு நடனம். ஒலிம்பிக்கில் இதற்குப் பதக்கம் உண்டு.

இந்த நடனத்தில் உலகத்தையே வென்றவர் ஒரு பெண். பெயர் சோன்யா ஹெனி. 24 வயது நிறையும் முன்பே பந்தயத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டார். அதன் பிறகு 33 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த 33 ஆண்டுகளின் கதைதான் இது.

கடைசி இடம்!

சோன்யா 1912-ம் ஆண்டு, இன்று ஆஸ்லோ என்று அழைக்கப்படும் நகரில் பிறந்தார். தந்தை வசதியான வியாபாரி. இளமையில் சைக்கிள் பந்தய வீரர்.

1924-ல் பிரான்சு நாட்டில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அப்போது சோன்யாவுக்கு வயது 11. பெண்கள் போட்டியில் ஆடியவர்கள் 8 பேர். சோன்யாவுக்குக் கிடைத்ததோ 8-வது இடம்! அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல், ஆட்டத்தின் நடுவே ஓரத்தில் நின்ற ஆசிரியரிடம் ஓடிப்போய்க் கேட்டாராம்.

அந்தச் சிறுமிதான் 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கப் பதக்கம் வாங்கினார். 1927 முதல் 1936 வரை தொடர்ந்து 10 ஆண்டுகள் உலகப் பட்டமும் அவருக்கே.

பதக்கம் சோறு போடுமா?

அந்தக் காலத்தில் கடுமையான விதி ஒன்று இருந்தது. ஒலிம்பிக்கில் ஆடுகிறவர், ஆட்டத்தைக் காட்டிப் பணம் சம்பாதிக்கக் கூடாது. சம்பாதித்தால் பந்தயத்தில் இடம் இல்லை. புகழ் வேண்டுமா, பணம் வேண்டுமா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

சோன்யா முதலில் புகழைத் தேடினார். போதும் என்று தோன்றியதும் 1936-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். தந்தையும் கூடவே சென்றார்.

ஹாலிவுட்டில் யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. தந்தை ஒரு காரியம் செய்தார். அங்கே இருந்த பனி அரங்கம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மகளை ஆட வைத்தார். ஊரே திரண்டு வந்தது! பட அதிபர் டாரில் சானக், சோன்யாவுக்குச் சிறு வேடம் தர முன்வந்தார். கதாநாயகி வேடம் என்றால் சரி, இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் சோன்யா. சானக் இறங்கி வந்தார்.

முதல் படம் 1936-லேயே தயாரானது. 1938-ல் அமெரிக்காவில் வசூலில் முன்னணி நட்சத்திரங்கள் யார் என்று கணக்கெடுத்தபோது சோன்யாவுக்கு 3-வது இடம்! நடிப்பில் பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. இங்கிலீசும் தடுமாறும். ஆனால் காலில் அந்த பூட்சை மாட்டிவிட்டால் போதும், கொட்டகையில் மூச்சுச் சத்தம் கேட்காது. 1941-ல் வந்த ஒரு படத்தில் பனிக்கட்டிக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி, அதன் மேல் அவரை ஆட விட்டார்கள். கறுப்புக் கண்ணாடியில் வெள்ளைப் புறா வழுக்கிச் செல்வது போல் இருக்கும்.

சினிமாவைவிட அதிகப் பணம் கொடுத்தது மேடைதான். ஆர்தர் விர்ட்ஸ் என்பவருடன் சேர்ந்து ஊர் ஊராகப் பனி நடனக் காட்சி நடத்தினார். அரங்கத்தின் நடுவே ஐஸ் எப்படி வரும்? தரையில் குழாய்களைப் பரப்பி, கடுங்குளிரான உப்பு நீரை அவற்றுக்குள் ஓட விடுவார்கள். மேலே ஊற்றும் தண்ணீர் அப்படியே உறைந்து தளமாகிவிடும்.

ஒரு வணக்கம்

புகழோடு பழியும் வந்தது. 1936 ஒலிம்பிக்குக்குச் சற்று முன்பு, பெர்லினில் ஆடியபோது சோன்யா கையை நீட்டி ஹிட்லருக்கு நாஜி வணக்கம் செய்தார். பிறகு ஹிட்லரோடு விருந்தும் சாப்பிட்டார். ஹிட்லர் கையெழுத்துப் போட்டுப் படம் கொடுத்தார்.

1940-ல் ஜெர்மன் படை நார்வேயைப் பிடித்துக்கொண்டது. சோன்யா அப்போது அமெரிக்காவில். நார்வேயில் இருந்த அவர் வீட்டில் அந்தப் படம் வைக்கப்பட்டிருந்ததால், வீட்டுக்குச் சேதம் வரவில்லை என்பார்கள். வீடு தப்பியது, பெயர் தப்பவில்லை. சொந்த நாட்டு மக்கள் பலர் பல ஆண்டுகள் இதை மறக்கவில்லை. மறக்கக்கூடிய காரியமும் அல்ல.

ஆசனங்கள் சரிந்தன!

1950-ல் விர்ட்சுடன் மனஸ்தாபம். சோன்யா தனியே பிரிந்து, சொந்தமாகக் காட்சி நடத்தத் துணிந்தார். 1952 மார்ச் 6-ந் தேதி, அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஜனங்கள் உட்கார்ந்திருந்த ஆசன வரிசை திடீரென்று சரிந்தது. 250 பேருக்கு மேல் காயம்! கம்பெனிக்குப் பலத்த அடி.

ஆயினும் மறு ஆண்டு நார்வேக்குச் சென்று ஆடினார். கோபமாக இருந்த ஊரிலேயே கூட்டம் அலைமோதியது. 1956-ல் ஆட்டத்தை நிறுத்தினார். அப்போது வயது 44. 6 வயதுக் குழந்தைகள் தொடங்கும் ஆட்டத்துக்கு அது தாத்தா பாட்டி வயது!

எல்லாச் சாம்பியன்களும் சோன்யா போன வழியில் போகவில்லை. அதே 1956-ல் தங்கம் வென்ற அமெரிக்கப் பெண் டென்லி ஆல்பிரைட், படிப்பைத் தொடர்ந்தார். அறுவைச் சிகிச்சை டாக்டர் ஆனார். சிறு வயதில் போலியோ தாக்கியவர் அவர்!

கணவரும் சித்திரங்களும்

சோன்யாவின் முதல் இரண்டு திருமணங்களும் முறிந்தன. 1956-ல் நார்வே கப்பல் அதிபர் நீல்ஸ் ஊன்ஸ்டாவை மணந்தார். அவருக்குச் சித்திரங்கள் என்றால் உயிர். இருவரும் சேர்ந்து புதுமைச் சித்திரங்களை வாங்கிக் குவித்தார்கள். பிறகு அவற்றைத் தங்களுக்கென்று பூட்டி வைக்காமல் நாட்டுக்கே கொடுத்தார்கள். ஆஸ்லோவுக்கு அருகே கடலோரத்தில் அதற்காகக் கட்டிய கலைக்கூடம் 1968-ல் திறக்கப்பட்டது.

அப்போதே சோன்யாவின் உடலை ரத்தப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1969 அக்டோபர் 12-ந் தேதி, பாரிசிலிருந்து ஆஸ்லோவுக்கு விமானத்தில் வந்துகொண்டிருந்தார். ஊர் வந்து சேரும் முன், வழியிலேயே உயிர் பிரிந்தது. வயது 57.

அந்தக் கலைக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் அவரைப் புதைத்தார்கள். பனியில் வென்ற கோப்பைகளும் பதக்கங்களும் அதே கலைக்கூடத்தில், கணவரோடு சேர்ந்து வாங்கிய சித்திரங்களுக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டன.