தங்கவயலும் கைரேகையும்

கோலார் தங்கவயலில் நம் முன்னோர் 1930-ஆம் ஆண்டில் வேலைநிறுத்தம் செய்தனர். சுரங்கத்தில் பணி புரிவோர் பதிவு அலுவலகத்தில் கைரேகை இடவேண்டும் என்ற புதிய ஏற்பாடே அதற்குக் காரணம். குற்றவாளிகளிடம் எடுப்பதை உழைப்பாளியிடம் எடுப்பதா? மானமுள்ளவர் பொறுப்பரோ!

சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. பிழைப்பை நாடிப் பெங்களூருக்கு இரயிலேறும் நாமோ, வாடகை வீட்டிற்கும் விடுதி அறைக்கும் ஆதார் நகலைக் கேட்ட மாத்திரத்தில் நீட்டிவிடுகிறோம். அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று 2017-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி புட்டசாமி அவர்கள்.

கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். கைரேகையை எவ்வாறு மாற்றுவது? அதனைப் பூட்டிவைக்க ஆதார் ஆணையம் வழி செய்துள்ளது. கடைசி 4 இலக்கங்கள் மட்டுமே தெரியும் நகலையும் அவ்வாணையத்தின் இணையதளத்திலேயே பெறலாம். வீட்டுப் பெரியோர்க்கு இளைஞர்கள் இவற்றைச் செய்துகொடுப்பார்களாக.