சுடர் சோதனைக்கு மெத்தனால் எதற்கு?

பிளஸ் டூ வேதியியல் ப்ராக்டிகலில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்குச் சுடர் சோதனை மறந்திருக்காது. கண்ணாடித் தட்டில் ஒரு சிட்டிகை உப்பு, அதன்மேல் இரண்டு சொட்டு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். குழைத்த பசையைக் கம்பி வளையத்தின் நுனியால் தொட்டு, பன்சன் விளக்கின் நீலச் சுடரோரம் காட்டினால் நிறம் எழும். கால்சியம் செங்கல் சிவப்பு, ஸ்ட்ரான்சியம் ரத்தச் சிவப்பு, பேரியம் ஆப்பிள் பச்சை, தாமிரம் நீலப்பச்சை. பொட்டாசியத்தின் வெளிர் ஊதா மட்டும் கண்ணாமூச்சி காட்டும். துளி சோடியம் கலந்திருந்தாலும் அதன் மஞ்சள் எல்லாவற்றையும் மூடிவிடும். அப்போது கோபால்ட் நீலக் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, ஆசிரியர் பக்கத்தில் நிற்க, இப்படிச் செய்யும் வரை பெரிய ஆபத்து இல்லை. வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பார்த்து வியக்கட்டும் என்று செய்யப்படும் 'வானவில்' செய்முறைதான் கவலைக்குரியது. வரிசையாகத் தட்டுகளில் உப்புகளை வைத்து, மேலே மெத்தனாலை ஊற்றிக் கொளுத்துவார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் பல ஆண்டுகள் நடந்த இந்தக் காட்சியின் வீடியோக்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. பார்க்கும் எந்த ஆசிரியருக்கும் செய்து காட்டத் தோன்றும்.

மெத்தனால் ஏறத்தாழ 11 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊர் மார்கழிக் காலையில்கூட அதைவிட வெப்பம் அதிகம். அந்த ஆவி காற்றைவிடச் சற்றுக் கனமானது. மேசைமேல் படர்ந்து தொலைவில் எரியும் சுடரையும் தேடிப் போகும். அதன் சுடரோ மிக மங்கலான நீலம், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. தட்டு அணைந்துவிட்டது என்று நினைத்து ஆசிரியர் பாட்டிலைச் சாய்ப்பார். தீ பாட்டிலுக்குள் ஏறும். உள்ளே நிறைந்திருக்கும் ஆவி சட்டென்று பற்றி, மிச்சமிருக்கும் திரவத்தையும் தள்ளிக்கொண்டு வாய் வழியாகப் பாயும். பாட்டிலின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது மாணவர்கள்.

2014 ஜனவரி 2 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் இதுதான் நடந்தது. 16 வயது மாணவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 30 சதவீதம் வெந்துபோனது. இதே செய்முறையில் 2006-இல் ஓஹியோவில் தீக்காயம் அடைந்த மாணவி ஒருவர் பேசும் எச்சரிக்கை வீடியோவை அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் வெளியிட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. அதே 2014 செப்டம்பரில் நெவாடாவின் ரீனோ நகர அறிவியல் அருங்காட்சியகத்தில் மெத்தனால் பற்றி 13 பேர் காயமடைந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். சில நாட்களில் டென்வர் நகரப் பள்ளி ஒன்றில் பாய்ந்த தீ 12 அடி தள்ளி இருந்த மாணவரைத் தாக்கியது. திறந்த மேசையில் மெத்தனால் ஊற்றி இதைச் செய்யவே வேண்டாம் என்று அமெரிக்க வேதியியல் சங்கம் சொன்ன பிறகும், 2015 அக்டோபரில் வர்ஜீனியாவில் மாணவர்கள் மறுபடி தீக்காயம் அடைந்தார்கள். நியூயார்க் விபத்து தொடர்பான வழக்கில் 2019-இல் நடுவர் குழு ஏறத்தாழ 6 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டில் தொகை குறைந்தது.

வேதனை என்னவென்றால், இந்தச் சோதனைக்கு மெத்தனால் தேவையே இல்லை. நிறத்தைத் தருவது உலோக அணு. சுடரின் வெப்பத்தில் அதன் எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவி, திரும்ப இறங்கும்போது குறிப்பிட்ட அலைநீள ஒளியை உமிழ்கிறது. சோடியம் என்றால் 589 நானோமீட்டர் அருகே நெருக்கமாக இரண்டு மஞ்சள் கோடுகள். அந்தக் கோடுகள் வேறெந்தத் தனிமத்துக்கும் அமையாது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் பன்சனும் கிர்க்காஃபும் சுடரொளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்துப் பார்த்தே 1860-இல் சீசியத்தையும், மறு ஆண்டு ரூபிடியத்தையும் கண்டுபிடித்தார்கள். ஒரு மில்லிகிராம் சோடிய உப்பில் முப்பது லட்சத்தில் ஒரு பங்கைக்கூட அவர்களால் அடையாளம் காண முடிந்தது. அவ்வளவு நுட்பமான ஒரு சோதனைக்கு லிட்டர் கணக்கில் எரிபொருளை வகுப்பறைக்குத் தூக்கி வருவதை எந்தப் பாடத்திட்டத்தின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது.

முழு வகுப்புக்கும் காட்ட எளிய வழி உண்டு. உப்புகளைத் தனித்தனியே தண்ணீரில் கரைத்து, ஐஸ் குச்சி போன்ற மரக்குச்சிகளை இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் ஒவ்வொன்றாகச் சுடரில் காட்டினால் போதும். குச்சி கருகத் தொடங்குமுன் எடுத்துவிட வேண்டும். ஒரு பழைய சிடியும் அட்டைப்பெட்டியும் இருந்தால் நிறமாலையையும் பிரித்துக் காட்டலாம்.

பன்சன் விளக்கு இல்லாத பள்ளிகளில் ஸ்பிரிட் விளக்கு இருக்கும். அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: எரியும்போதோ சூடு ஆறும் முன்போ ஸ்பிரிட் நிரப்பக் கூடாது. துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொள்ள வேண்டும், கூந்தலைக் கட்ட வேண்டும். பேரியம் குளோரைடு வயிற்றுக்குள் போனால் விஷம், ஆகவே கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்கக் கூடாது. மெத்தனாலும் கொடிய விஷமே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் கலந்திருந்தது அதுதான்.

உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். காயத்தின்மேல் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். பேனா மை, பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்துவிட்டே மற்றவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள்.

கேள்வி கேட்கும் உரிமை பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்ட பிறகு தொடரப்பட்ட பொதுநல வழக்கில், கல்வி உரிமை என்பதற்குள் பாதுகாப்பான பள்ளிக்கான உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. தீயணைப்பான் வைப்பதும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதும் அந்தத் தீர்ப்பின் கட்டளைகள். ஆகவே லேபில் தீயணைப்பான் இருக்கிறதா, எப்போது நிரப்பியது, கண்ணாடி எத்தனை பேருக்கு இருக்கிறது, மெத்தனால் எங்கே பூட்டி வைக்கப்படுகிறது என்று பெற்றோர் கூட்டத்தில் தயங்காமல் கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதியும் கேட்கலாம். சரியான பதில் வராவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு கொடுக்கலாம், 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் சொல்லலாம். கண்ணாடி இல்லாமல் செய்முறைக்கு நிற்கச் சொன்னால், "கண்ணாடி வந்ததும் செய்கிறேன், சார்" என்று மாணவர் சொல்வது அடங்காமை ஆகாது. ப்ராக்டிகல் மதிப்பெண்ணை நினைத்துப் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள் என்பதால், அதைப் பெற்றோரே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

விபத்து நடந்துவிட்டால் மருத்துவமனையில் 'ஸ்டவ் வெடித்தது' என்று பதிய விடாதீர்கள். லேபில், எந்த வேதிப்பொருளால் நேர்ந்தது என்பதை மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்; பின்னால் எல்லாம் அந்தத் தாளில்தான் நிற்கும். பாட்டிலின் லேபிளையும் எரிந்த உடையையும் படம் எடுத்து வையுங்கள். தீயையும் எரியும் பொருளையும் அலட்சியமாகக் கையாள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-ஆம் பிரிவிலும், அலட்சியத்தால் பிறருக்குக் காயம் விளைவிப்பது 125-ஆம் பிரிவிலும் குற்றம். குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் புகார் அனுப்பலாம். இழப்பீட்டு வழக்குக்கு வக்கீல் வைக்க வசதியில்லை என்று பின்வாங்க வேண்டாம். குழந்தைகளுக்கு, குடும்ப வருமானம் பாராமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், எண் 15100. பாதிக்கப்பட்டவர் மைனர் என்றால் வழக்குக்கான காலவரம்பு அவருக்கு 18 வயது நிறைந்த பிறகே ஓடத் தொடங்கும்.