காம்பிராத் தரையில் ஈரமா? சீமெந்து வாங்குமுன் கணக்குப் பாருங்கள்

"தரை சில்லென்னு இருக்குதுங்க ஐயா, பாயெல்லாம் பூசணம்" என்ற குறையை மழைக்காலத்தில் லயத்துக்கு லயம் கேட்கிறோம். இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் மண் காய நேரமே கிடைப்பதில்லை. ஈரத் தரையில் பாய் போட்டுப் படுக்கும் கைப்பிள்ளைகளுக்கும் வயசாளிகளுக்கும்தான் இருமலும் இளைப்பும் கூடும்.

ஒரு லயத்தில் ஒரு குடும்பம் வட்டிக்கு வாங்கிப் புதுத் தரை போட்டது. அடுத்த மழையிலேயே மறுபடி ஈரம். போய்ப் பார்த்தால் பின்கான் மண் நிறைந்து கிடந்தது. அரைநாள் வேலைக்குக் கடன்தான் மிச்சம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

இரண்டடிச் சதுரப் பொலித்தீன் துண்டைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மேல்பக்கம் நனைந்தால் அது காற்றின் ஈரம். வெயில் நேரத்தில் ஜன்னலைத் திறந்து, அடுப்பு ஆவி வெளியேற வழி செய்யுங்கள். அடிப்பக்கம் நீர் கோர்த்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது.

காசில்லாத வேலை முதலில்

பின்கானைத் தரை மட்டத்துக்குக் கீழே வரும்படி துப்புரவாக்குங்கள். சுவரோரம் குவிந்த மண்ணை அகற்றுங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாதபடி பீலி வையுங்கள். ஆனால் பின்னால் உள்ள மண்மேட்டின் அடியை வெட்டவே கூடாது. 2016 மே 17இல் அரநாயக்கவில் மண்சரிவு எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்பது நமக்குத் தெரியும்.

பிறகு செலவுக் கணக்கு

ஒரு மழைக்காலம் பார்த்தும் ஈரம் நிற்காவிட்டால் தரை போடலாம். சீமெந்து மட்டும் ஈரத்தை நிறுத்தாது. அடியில் விரிக்கும் பொலித்தீன்தான் நிறுத்தும். 10க்கு 12 அடிக் காம்பிராவுக்கு, 2 அங்குலக் கனத்தில், 1:2:4 கலவைக்கு:

சீமெந்து (50 கிலோ) – 4 மூட்டை
மணல் – 9 கன அடி
சிறு சல்லி – 18 கன அடி
1000 கேஜ் பொலித்தீன் – 11க்கு 13 அடி

மணல் பரப்பி, அதன்மேல் பொலித்தீனைக் கிழியாமல் விரித்து, சுவரோரம் அரையடி மேலே மடித்து விடுங்கள். இதோடு பாஸ் கூலி, ரோட்டிலிருந்து சுமக்கும் கூலி இரண்டையும் எழுதுங்கள். விலை அடிக்கடி மாறுவதால் இரண்டு கடையில் கேளுங்கள். நாலு குடும்பம் சேர்ந்து மணல் இறக்கினால் ஏற்றுக்கூலி பங்காகும்.

தரையில் கைவைக்குமுன் தோட்ட ஆபீசில் சொல்லி அனுமதி வாங்குங்கள். வட்டிக்கு வாங்குமுன் கணக்குத் தாளோடு நலன்புரி உத்தியோகத்தரை வந்து பாருங்கள். சேர்ந்தே பார்ப்போம்.