தானியங்கு கைமுறைக் கியர்ப்பெட்டி

தானியங்கு கைமுறைக் கியர்ப்பெட்டி என்பது, வழக்கமான கைமுறைக் கியர்ப்பெட்டியின் கிளட்சையும் கியர் மாற்றும் தண்டுகளையும் ஓட்டுநரின் காலுக்கும் கைக்கும் பதிலாக மின்னணுக் கட்டுப்பாட்டின் கீழ் இயக்கும் அமைப்பு ஆகும். இவ்வமைப்பைக் கொண்ட தானுந்துகளில் (கார்களில்) கிளட்ச் மிதி இல்லை. முடுக்கி, பிரேக் ஆகிய இரு மிதிகள் மட்டுமே உள்ளன. 1990களின் பிற்பகுதி முதல் 2000களின் இறுதி வரை பெராரி, பிஎம்டபிள்யூ, லம்போர்கினி முதலிய நிறுவனங்கள் தங்கள் விரைவுத் தானுந்துகளில் இதனைப் பரவலாகப் பயன்படுத்தின. பந்தயத் தடத்தில் விரைந்து கியர் மாற்றுவதற்காக உருவான இவ்வமைப்பு, நகர நெரிசலில் நாள்தோறும் ஓட்டப்படும்போது முற்றிலும் வேறான சிக்கல்களை எதிர்கொள்கிறது.

அமைப்பு

வழக்கமான தானியங்கிக் கியர்ப்பெட்டியில் எஞ்சினுக்கும் கியர்களுக்கும் இடையே முறுக்குவிசை மாற்றி அமைந்துள்ளது. இதில் ஆற்றல் எண்ணெயின் ஓட்டத்தின் வழியே கடத்தப்படுகிறது. தானுந்து நிற்கும்போது எண்ணெய் சுழன்றுகொண்டே இருப்பதால் உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று உரசித் தேய்வதில்லை.

தானியங்கு கைமுறைக் கியர்ப்பெட்டியில் முறுக்குவிசை மாற்றி இல்லை. கைமுறைத் தானுந்தில் உள்ள அதே உரசு கிளட்சே இதிலும் உள்ளது. மின்சாரப் பம்பு ஒன்று நீரியல் எண்ணெயை அழுத்தி ஒரு சேமகலத்தில் தேக்கி வைக்கிறது. கட்டுப்பாட்டு அலகு, சக்கரங்களின் வேகம், எஞ்சினின் சுழற்சி, முடுக்கியின் நிலை ஆகியவற்றை உணரிகள் மூலம் அறிந்து, அந்த அழுத்தத்தைக் கொண்டு கிளட்சை விடுவிக்கவும் பொருத்தவும் செய்கிறது. ஓட்டுநர் சுழற்றியின் (ஸ்டியரிங்) பின்னுள்ள துடுப்பு வடிவ நெம்புகளை இழுத்துக் கியரை மாற்றலாம், அல்லது அந்த முடிவையும் அமைப்பிடமே விட்டுவிடலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஓட்டுநர் உரிம விதிகள் கிளட்ச் மிதி இல்லாத வாகனத்தைத் தானியங்கி வாகனமாகவே கருதுகின்றன. ஆனால் பொறிமுறையின் அடிப்படையில் இது கைமுறை வாகனமே ஆகும். நெரிசலில் இதன் நடத்தையைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு இன்றியமையாதது.

வரலாறு

துடுப்பு நெம்புகளால் கியர் மாற்றும் முறை பார்முலா 1 பந்தயத்தில் 1989இல் அறிமுகமானது. ஜான் பர்னார்டு வடிவமைத்த பெராரி 640 தானுந்து, அவ்வாண்டு பிரேசில் கிராண்ட் பிரீயில் நைஜல் மான்செல் ஓட்ட, தன் முதற் பந்தயத்திலேயே வெற்றி பெற்றது. 1997இல் பெராரி எஃப்355 எஃப்1 இம்முறையைச் சாலைத் தானுந்துக்குக் கொண்டுவந்தது.

பிஎம்டபிள்யூ நிறுவனம் ஏறத்தாழ அதே காலத்தில் எஸ்எம்ஜி என்னும் பெயரில் தன் எம்3 தானுந்தில் இவ்வமைப்பை வழங்கியது. இதன் இரண்டாம் தலைமுறை 2001இல் இ46 வகை எம்3 தானுந்தில் வெளிவந்தது. இதில் தானியங்கு நிலையில் 5, துடுப்பு நிலையில் 6 என மொத்தம் 11 கியர் மாற்ற நிரல்கள் இருந்தன. மிக விரைவான நிரலில் 80 மில்லிநொடிகளில் கியர் மாறியது. 2005இல் இ60 வகை எம்5 தானுந்தில் 7 கியர்களுடன் மூன்றாம் தலைமுறை வந்தது. எம்5 தானுந்து எஸ்எம்ஜி பெட்டியுடன் மட்டுமே அறிமுகமானது. பின்னர் வட அமெரிக்கச் சந்தைக்கு மட்டும் 6 கியர் கைமுறைப் பெட்டியும் வழங்கப்பட்டது.

நெரிசலில் இயக்கம்

ஊர்தல்

நெரிசலில் தானுந்து நடை வேகத்திலும் அதற்குக் குறைவாகவும் நகர வேண்டியுள்ளது. முறுக்குவிசை மாற்றி உள்ள தானுந்தில் பிரேக்கை விட்டதும் வண்டி தானே மெல்ல ஊரும். இ46 எம்3 எஸ்எம்ஜி தானுந்து அவ்வாறு தானே ஊர்வதில்லை. முடுக்கியைச் சிறிது அழுத்தினால்தான் கிளட்ச் பொருந்தத் தொடங்கும்.

இ46 எம்3 தானுந்தின் முதற் கியர் விகிதம் 4.23, இறுதிக் கியர் விகிதம் 3.62 ஆகும். எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுழற்சிகள் என்ற அளவில் மெதுவாக ஓடும்போது, முதற் கியரில் கிளட்ச் முழுதும் பொருந்தியிருந்தால், தானுந்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஆகும். இரண்டாம் கியரில் இது ஏறத்தாழ 12 கிலோமீட்டர். இவ்வேகங்களுக்குக் கீழே கிளட்ச் முழுதும் பொருந்தினால் எஞ்சின் திணறி நின்றுவிடும். எனவே அமைப்பு கிளட்சைப் பாதி பொருந்திய நிலையில் வழுக்கவிட்டே வண்டியை நகர்த்துகிறது. மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் இவ்வாறு ஊரும்போது, கிளட்சுக்கு வந்து சேரும் ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு சக்கரங்களுக்குச் செல்லாமல் வெப்பமாக வீணாகிறது.

வெப்பம்

சமதளத்தில் எஞ்சின் சுழற்சி மாறாதிருக்க ஒரு தானுந்து நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது, கிளட்சில் தோன்றும் வெப்பம், கிளட்ச் முழுதும் பொருந்தும் வேளையில் தானுந்து பெற்றிருக்கும் இயக்க ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமமாகும். 1,500 கிலோகிராம் எடையுள்ள மேற்கண்ட தானுந்து 900 சுழற்சிகளில் புறப்பட்டால் இது சுமார் 3 கிலோயூல். 1,800 சுழற்சிகளில் புறப்பட்டால் சுமார் 12 கிலோயூல். சுழற்சி இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகிறது. ஒரு முறை புறப்படுவதால் கேடு ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரப் பயணத்தில் நூறு முறை நின்று புறப்படும்போது, கிளட்சுக்கு இடையில் ஆறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை.

விரைவுத் தானுந்துகளில் இச்சிக்கல் கூடுதலாகும். எம்3 தானுந்தின் 3.2 லிட்டர் எஞ்சின் தன் உச்ச முறுக்குவிசையான 365 நியூட்டன் மீட்டரை 4,900 சுழற்சிகளிலும், உச்சத் திறனான 343 குதிரைத்திறனை 7,900 சுழற்சிகளிலும் தருகிறது. இத்தகைய எஞ்சின்கள் உயர் சுழற்சிக்காக வடிவமைக்கப்பட்டவை. வழுக்கல் நிலையில் மென்மையாக ஊர்வது அவற்றின் நோக்கம் அன்று.

கியர் மாற்ற இடைவெளி

ஒரே கிளட்ச் உள்ளதால், ஒவ்வொரு கியர் மாற்றத்தின்போதும் சக்கரங்களுக்குச் செல்லும் விசை கணநேரம் அறுபடுகிறது. 80 மில்லிநொடி என்னும் அளவு முழு முடுக்கத்தில், விரைவான நிரலில் மட்டுமே பொருந்தும். மென்மையான நிரலில், பாதி முடுக்கத்தில், இவ்விடைவெளி உணரத்தக்க அளவு நீள்கிறது. அப்போது வண்டி சற்றே பின்வாங்கியது போலாகி மீண்டும் உந்தப்படுவதால், பயணிகளின் தலை முன்னும் பின்னும் அசைகிறது. கைமுறைத் தானுந்தில் ஓட்டுநர் கியர் மாற்றப் போவதை முன்னரே அறிந்து முடுக்கியைத் தளர்த்துகிறார். தானியங்கு நிலையில் அமைப்பு எப்போது மாற்றும் என்பதை அவர் அறியார்.

சரிவுகள்

தானே ஊரும் தன்மை இல்லாததால், ஏற்றத்தில் பிரேக்கை விட்டதும் தானுந்து பின்னோக்கி உருளக்கூடும். நெரிசலில் பின்னால் மற்றொரு வண்டி நெருங்கி நிற்கும்போது இது விபத்துக்கு வழிவகுக்கலாம். முடுக்கியை மெல்ல அழுத்தியபடியே ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி வைப்பது பலரிடம் காணப்படும் வழக்கம். முறுக்குவிசை மாற்றி உள்ள தானுந்தில் இதனால் எண்ணெய் மட்டும் சூடாகும். இங்கோ கிளட்ச் நேரடியாகத் தேய்கிறது. ஏற்றத்தில் பின்கியரில் வண்டியை நிறுத்திடத்தில் சேர்ப்பதும் இதே போன்று கிளட்சை மிகுதியாக வருத்தும் செயலாகும்.

நெரிசலுக்கு ஏற்ற ஓட்டும் முறை

இவ்வகைத் தானுந்தை, கிளட்ச் மிதி இல்லாத கைமுறைத் தானுந்து எனக் கருதி ஓட்டுவதே பொருத்தமானது. அதற்கேற்பப் பின்வரும் பழக்கங்கள் பரிந்துரைக்கப்படுகின்றன:

* முன்னுள்ள வண்டி ஓரடி நகரும்போதெல்லாம் தொடர்ந்து ஊராமல், சிறிது இடைவெளி உருவாகும் வரை காத்திருந்து, ஒரே முறையில் புறப்பட்டுக் கிளட்ச் முழுதும் பொருந்தவிடுதல்.
* நீண்ட நேரம் நிற்கும்போது நடுநிலைக்கு (நியூட்ரல்) மாற்றுதல். கியரில் நிற்கும்போது கிளட்ச் விடுவிக்கப்பட்ட நிலையிலேயே பிடித்து வைக்கப்படுவதால், விடுவிப்புத் தாங்கி (பேரிங்) தொடர்ந்து சுமையில் இருக்கும்.
* மெதுவான நெரிசலில் துடுப்பு நிலையைப் பயன்படுத்தி முதற் கியரிலேயே செல்லுதல்.
* ஏற்றத்தில் முடுக்கியால் அன்றி, பிரேக்காலோ கைப்பிரேக்காலோ வண்டியை நிறுத்துதல்.
* தானியங்கு நிலையில், கியர் மாறும் தறுவாயில் முடுக்கியைச் சற்றே தளர்த்துதல். இதனால் தலையசைவு குறையும்.

எஸ்எம்ஜி பெட்டியில் 'பார்க்' என்னும் நிறுத்த நிலை இல்லை. எனவே கைமுறைத் தானுந்தைப் போலவே கியரில் விட்டு, கைப்பிரேக்கையும் இழுத்து வைக்க வேண்டும்.

தேய்மானமும் பராமரிப்பும்

ஒரே மாதிரித் தானுந்தின் கிளட்ச், நெடுஞ்சாலையில் ஓடுவதைப் பொறுத்தும் நகரத்தில் ஓடுவதைப் பொறுத்தும் பெரிதும் வேறுபட்ட ஆயுளைக் கொண்டிருக்கும். எனவே ஓடிய தொலைவை மட்டும் கொண்டு அதன் நிலையை மதிப்பிட இயலாது. பெராரி எஃப்1 கியர்ப்பெட்டிகளில் கிளட்சின் தேய்மானத்தைக் கண்டறி கருவி மூலம் விழுக்காடாகப் படிக்க முடியும். பழைய தானுந்தை வாங்குவோர் விலை பேசுமுன் இவ்வளவைக் கேட்டறிவது வழக்கம்.

கிளட்சை மாற்றிய பின், அது பற்றத் தொடங்கும் புள்ளியைக் கட்டுப்பாட்டு அலகுக்கு மீண்டும் கற்பிக்க வேண்டும். இது செய்யப்படாவிட்டால் புதிய கிளட்சும் அதிர்வுடன் பொருந்தி விரைவில் தேயும். நீரியல் பம்பு செயலிழந்தால் கியரை மாற்றவோ கிளட்சை விடுவிக்கவோ முடியாமல் தானுந்து நடுச்சாலையில் நின்றுவிடக்கூடும். கிளட்ச் மிதி இல்லாததால் ஓட்டுநர் தன் காலால் அதனை ஈடுசெய்ய இயலாது. இ46 எம்3 தானுந்தில் எஸ்எம்ஜி பெட்டியும் கைமுறைப் பெட்டியும் அடிப்படையில் ஒன்றே என்பதால், சில உரிமையாளர்கள் நீரியல் பகுதிகளை நீக்கிக் கிளட்ச் மிதியைப் பொருத்திக் கொள்கின்றனர்.

இரட்டைக் கிளட்ச் முறையின் வருகை

2003இல் வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 தானுந்தில் இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டி அறிமுகமானது. இதில் ஒரு கிளட்ச் இயங்கும் கியரைத் தாங்க, மற்றொன்று அடுத்த கியரை முன்கூட்டியே ஆயத்தமாக வைக்கிறது. விசை அறுபடாததால் தலையசைவு பெரிதும் நீங்கியது. விரைவுத் தானுந்துகளில் இம்முறை பிடித்த இடம் பெரிது. 2008இல் பிஎம்டபிள்யூ எம்3, பெராரி கலிபோர்னியா ஆகியனவும், 2014இல் லம்போர்கினி உராகானும் இம்முறைக்கு மாறின. லம்போர்கினி அவென்டடோர் மட்டும் 2011 முதல் 2022 வரை ஒற்றைக் கிளட்ச் பெட்டியுடனேயே உற்பத்தி செய்யப்பட்டது.

சிறிய தானுந்துகளில்

விரைவுத் தானுந்துகள் கைவிட்ட இவ்வமைப்பு, விலை குறைந்த சிறிய தானுந்துகளில் மறுவாழ்வு பெற்றது. இந்தியாவில் மாருதி சுசுகி செலேரியோ 2014இல் இவ்வமைப்புடன் வெளிவந்தது. இங்கு நோக்கம் வேகம் அன்று. நெரிசலில் இடது காலுக்கு ஓய்வளிப்பதும், தானியங்கித் தானுந்தின் விலையைக் குறைப்பதுமே ஆகும். எடையும் எஞ்சின் திறனும் குறைவாக இருப்பதால் கிளட்சில் தோன்றும் வெப்பமும் குறைகிறது. பிரேக்கை விட்டதும் மெல்ல ஊரும் வசதியும் இவற்றில் சேர்க்கப்பட்டது. எனினும் கியர் மாறும்போது ஏற்படும் தலையசைவும், ஏற்றத்தில் முடுக்கியால் வண்டியை நிறுத்தி வைக்கலாகாது என்னும் விதியும் இவற்றுக்கும் பொருந்தும்.

இவற்றையும் பார்க்கவும்

* கிளட்ச்
* முறுக்குவிசை மாற்றி
* இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டி
* போக்குவரத்து நெரிசல்