மரண சாஸனம் சொல்லும் குலக்கதை

அரசர்களின் கதையை எழுதுவதற்குச் சரித்திர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு தச்சன், ஒரு ரொட்டிக் கடைக்காரன், நாலு பசுக்களை வைத்துக் காலந்தள்ளிய ஒரு விதவை ஆகிய இவர்களுடைய கதையை யார் எழுதப் போகிறார்கள்? இங்கிலாந்து தேசத்தில் மாதா கோயில்கள்தோறும் ரிஜிஸ்தர் வைக்க வேண்டுமென்று 1538-ம் வருஷம் உத்தரவு பிறந்தது. அதில் சாதாரண மனிதன் மூன்று தடவை தலை காட்டுகிறான்: ஞானஸ்நானத்தின் போது ஒரு தடவை, விவாகத்தின் போது ஒரு தடவை, அடக்கத்தின் போது ஒரு தடவை. பிறந்தான், மணந்தான், மாண்டான் என்பதற்கு மேல் அந்த ரிஜிஸ்தர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

ஆனால் அதே தச்சன் இறக்குமுன் ஒரு மரண சாஸனம், அதாவது உயில், எழுதி வைத்திருந்தானானால் விஷயமே வேறு. அவனுக்கு எத்தனை குழந்தைகள், எந்தப் பெண்ணை எங்கே கொடுத்திருந்தான், எந்த மருமகனை நம்பவில்லை, உளியையும் இழைப்புளியையும் யாருக்குக் கொடுக்க மனம் வந்தது, பக்கத்து ஊர்ச் சகோதரனிடம் எவ்வளவு கடன் பாக்கி என்பதெல்லாம் அந்த ஒரே காகிதத்தில் அடங்கியிருக்கும். ஆயுள் முழுவதும் தன் பேச்சை யாரும் எழுதிக்கொள்ளாத ஒரு மனிதனுடைய வாய்ச்சொல்லை முந்நூறு வருஷங்களுக்குப் பிறகும் நாம் கேட்கக்கூடிய இடம் அநேகமாக அது ஒன்றுதான். ஆகையினால்தான், தங்கள் குல வரலாற்றைத் தேடும் ஆங்கிலேயர்களும், ஆங்கிலேயரின் வழியில் வந்து கானடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வேறு தேசங்களிலும் வாழ்கிறவர்களும், பாட்டன் பூட்டனுடைய உயிலைப் புதையல் போலத் தேடுகிறார்கள்.

இந்தப் புதையல் எங்கே இருக்கிறது?

ஒரு தேதியை மறக்கலாகாது

தேடப் புகுகிறவர்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய தேதி 1858-ம் வருஷம் ஜனவரி மாதம் 12-ந் தேதி. உயில் உண்மையானதுதான் என்று கோர்ட்டில் ருசுப்படுத்தி, அதன்படி நடக்க அதிகாரம் பெறுவதற்குப் ‘புரொபேட்’ என்று பெயர். அந்தத் தேதியிலிருந்து இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இந்த வேலையைச் சர்க்காரின் ஸிவில் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. வருஷந்தோறும் ஒரு பெயர்ப்பட்டியலும் தயாராகி வருகிறது. இறந்தவரின் பெயர், இறந்த தேதி, ஊர், உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றவர் அல்லது நிர்வாக அதிகாரம் பெற்றவர் யார், ஆஸ்தியின் மதிப்பு எவ்வளவு என்ற விவரங்களைப் பழைய பட்டியல்களில் ஒரு சில வரிகளிலேயே காணலாம். இப்பொழுது வீட்டில் இருந்தபடியே கணினியில் இந்தப் பட்டியலைத் தேடி, கட்டணம் செலுத்தி, உயிலின் நகலையும் பெறலாம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இறந்த வருஷத்துப் பட்டியலில் பெயர் இல்லை என்றவுடன் புத்தகத்தை மூடிவிடக் கூடாது. சொத்து வியவகாரம் இழுத்தடித்து, இறந்து சில வருஷங்களுக்குப் பின் புரொபேட் ஆன உயில்கள் உண்டு. பெயரின் எழுத்தும் மாறியிருக்கலாம். எனவே வருஷங்களை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டும்.

பிஷப்புகளின் கோர்ட்டுகள்

1858-க்கு முந்திய காலத்துக்குப் போனால் பாதை சற்றுக் கரடுமுரடாகி விடுகிறது. அக்காலத்தில் உயில் விவகாரம் திருச்சபையின் கையில் இருந்தது. மனிதனுடைய கடைசி விருப்பமும் அவனுடைய ஆத்மாவின் கதியும் ஒன்றோடொன்று பின்னியவை என்ற எண்ணமே அதற்குக் காரணம். பழைய உயில்கள் பல கடவுளின் பெயரால் ஆரம்பித்து, ஆத்மாவை ஆண்டவனிடமும் உடலை மண்ணிடமும் ஒப்புவித்த பிறகுதான் பாத்திரம் பண்டங்களுக்கு வருகின்றன.

ஆஸ்தி முழுவதும் ஒரு சிறு வட்டாரத்துக்குள் இருந்தால் ஆர்ச்டீக்கனின் கோர்ட்டு. அதற்கு மேல் பரந்திருந்தால் பிஷப்பின் கோர்ட்டு. ஒரு பிஷப்பின் எல்லைக்கு அப்பாலும் ஐந்து பவுனுக்குக் குறையாத பொருள் இருந்தால் ஆர்ச்பிஷப்பின் கோர்ட்டுக்குப் போக வேண்டும். வடக்கே யார்க் ஆர்ச்பிஷப், தெற்கே கான்டர்பரி ஆர்ச்பிஷப். இரண்டு பேருடைய எல்லையிலும் சொத்து இருந்தால் கான்டர்பரியே மேல். இங்கிலாந்தில் சொத்து வைத்துவிட்டுக் கடல் கடந்து இறந்தவர்களின் உயில்களும் அங்கேதான் வந்தன. இவை போதாவென்று, தனியுரிமை பெற்ற சின்னஞ்சிறு கோர்ட்டுகளும் அங்கங்கே இருந்தன.

கான்டர்பரி கோர்ட்டின் பதிவுகள் 1384 முதல் 1858 வரை உள்ளவை லண்டனில் கியூ என்னும் இடத்திலுள்ள தேசீய ஆவணச் சாலையில் இருக்கின்றன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உயில்கள்! யார்க் கோர்ட்டின் பதிவுகள் யார்க் நகரத்திலுள்ள பார்த்விக் நிலையத்தில் இருக்கின்றன. வேல்ஸ் தேசத்துக் கோர்ட்டுகளின் உயில்கள் அபரிஸ்ட்வித் நகரத்துத் தேசீய நூல்நிலையத்தில் சேர்ந்திருக்கின்றன. மற்றவற்றை அந்தந்த ஜில்லா ஆவணச் சாலைகளில் தேட வேண்டும். 1653 முதல் 1660 வரையில் மட்டும், அரசனை நீக்கிக் குடியரசு நடந்த காலமாகையால், தேசம் முழுவதற்கும் ஒரே கோர்ட்டு லண்டனில் இருந்தது. அதன் பதிவுகளும் கான்டர்பரி பதிவுகளோடு சேர்ந்தே இருக்கின்றன.

மகாகவியின் உயில்

உயிலைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அதைப் படிக்கவும் தெரிய வேண்டும். இதற்கு மகாகவி ஷேக்ஸ்பியரின் உயிலை விடச் சிறந்த பாட புஸ்தகம் கிடையாது. மூன்று தாள்களில் எழுதிய அந்த உயிலின் தேதி 1616-ம் வருஷம் மார்ச் மாதம் 25. அடுத்த மாதம் 23-ந் தேதி கவி காலமானார். ஜூன் 22-ந் தேதி, மூத்த மருமகப்பிள்ளை ஜான் ஹால் அதைக் கான்டர்பரி கோர்ட்டில் ருசுப்படுத்தினார். இறந்தது ஸ்ட்ராட்போர்டில், உயில் ருசுவானது லண்டனில். ஊரில் மட்டும் தேடுகிறவர்களுக்கு அது அகப்படாது என்பது முதற்பாடம்.

உயிலில் எலிஸபெத் ஹால் என்னும் பெண்ணைக் கவி குறிப்பிடும் சொல்லுக்கு, இன்றைய ஆங்கிலத்தில் உடன்பிறந்தார் மகள் என்று பொருள். வாஸ்தவத்தில் அவள் கவியின் மகள் வயிற்றுப் பேத்தி! அக்காலத்தில் உறவுமுறைச் சொற்கள் இப்படி நெகிழ்ந்து நின்றன. இன்றைய அகராதியை வைத்துக்கொண்டு பழைய உயிலைப் படிக்கிறவர்கள் வம்ச விருக்ஷத்தில் பேத்தியைக் கொண்டுபோய்த் தப்பான கிளையில் ஒட்டவைத்து விடுவார்கள். இது இரண்டாவது பாடம்.

சகோதரியின் பிள்ளைகள் மூவருக்கும் தலைக்கு ஐந்து பவுன் என்று எழுதிய கவி, இருவர் பெயரைச் சொல்கிறார். மூன்றாவது பிள்ளையின் பெயருக்கு இடம் விடப்பட்டிருக்கிறது. அது கடைசி வரை வெற்றிடமாகவே நின்றுவிட்டது. மாமன் மறந்தாரா, எழுதியவர் கேட்க மறந்தாரா, யார் கண்டது? வேறு பதிவுகள் இல்லாவிட்டால் தாமஸ் என்ற அந்தப் பையனை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

மனைவிக்கோ, ‘இரண்டாந்தரமான கட்டில்’ என்று வரிகளுக்கு இடையில் செருகிய ஒரே வாசகம். அவளுடைய பெயர்கூடச் சொல்லப்படவில்லை. இதை வைத்துக்கொண்டு தம்பதிகளுக்குள் மனஸ்தாபம் என்று சொன்னவர்கள் உண்டு. விதவைக்கு வழக்கப்படி சேர வேண்டிய பங்கை உயிலில் எழுத வேண்டியதில்லை, நல்ல கட்டில் விருந்தாளிகளுக்கு உரியது, அவர்கள் சேர்ந்து படுத்த கட்டில்தான் இது என்று வாதிக்கிறவர்களும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை. உயிலில் ஒருவர் பெயர் இல்லை என்பதனால் அவர்மேல் கோபம் என்று தீர்மானித்துவிடக் கூடாது. மூத்த மகனுக்கு நிலம் சட்டப்படியே போய்ச் சேர்ந்திருக்கும். மகளுக்குச் சீர் முன்னமேயே கொடுத்தாகியிருக்கும். இது மூன்றாவது பாடம்.

உயில் இல்லாதவர்கள்

எல்லோரும் உயில் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏழைக்கு எழுத ஒன்றுமில்லை. கல்யாணமான ஸ்திரீயின் ஜங்கம சொத்தெல்லாம் புருஷனுடையது. ஆகையால் அவனுடைய சம்மதமின்றி அவள் உயில் எழுத முடியாது. 1882-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகுதான் இந்த நிலை நீங்கிற்று. ஆகவே பழைய கட்டுகளில் நாம் காணும் பெண்களின் உயில்கள் பெரும்பாலும் விதவைகளும் மணமாகாதவர்களும் எழுதியவை. அவற்றில் அன்பும் அதிகம், விவரமும் அதிகம். இன்ன மேலங்கி இன்ன மருமகளுக்கு, இன்ன மோதிரம் இன்ன சிநேகிதிக்கு என்று பிரித்துப் பிரித்து எழுதியிருப்பார்கள்.

உயில் எழுதாமல் இறந்தவருக்காக உறவினர் கோர்ட்டில் அதிகாரப் பத்திரம் வாங்குவது உண்டு. அதில் மனைவி பெயரோ மகன் பெயரோ அகப்படும். பதினாறாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், இறந்தவரின் சாமான்களுக்கு அண்டை வீட்டார் வந்து பட்டியல் எடுக்கும் வழக்கமும் இருந்தது. பல பட்டியல்களில் அறை அறையாகக் கட்டில், ஈயத்தட்டு, நூல் நூற்கும் ராட்டை, கொல்லையில் நிற்கும் பசு, வர வேண்டிய கடன் என்று எல்லாவற்றுக்கும் விலை போட்டிருப்பார்கள். அத்தகைய பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இடிந்துபோன வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம்.

வரி இலாகாக்காரர்களை யாரும் வாழ்த்துவது வழக்கமில்லை. ஆனால் குல வரலாறு தேடுகிறவர்கள் வாழ்த்தத்தான் வேண்டும். 1796-ம் வருஷம் முதல், பிதுரார்ஜிதத்தின்மேல் விதித்த வரிக்காக இங்கிலாந்தில் தனி ரிஜிஸ்தர்கள் வைத்தார்கள். உறவின் நெருக்கத்தைப் பொறுத்து வரி விகிதம் மாறியதால், சொத்தைப் பெறுகிறவர் இறந்தவருக்கு என்ன முறை என்பதை வரிக்காரர்கள் துருவித் துருவிக் கேட்டு எழுதினார்கள். உயிலில் விட்டுப்போன உறவு இந்த ரிஜிஸ்தரில் கிடைப்பதுண்டு.

பெயரில்லாத ஸ்திரீகள்

இந்தப் பழைய காகிதங்கள் ஆங்கிலேயரின் வீட்டுக் கதையை மட்டும் சொல்வதில்லை. 1726-ம் வருஷத்து அரச சாஸனத்தினால் சென்னையில் ஏற்பட்ட மேயர் கோர்ட்டுக்குப் புரொபேட் வழங்கும் அதிகாரம் இருந்தது. கம்பெனிக் காலத்தில் சென்னை ராஜதானியில் இறந்த ஆங்கிலேயர்களின் உயில்கள் பல இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூல்நிலையத்தில், இந்தியா ஆபீஸ் பதிவுகளில் இருக்கின்றன. இந்தியாவில் இறந்த கம்பெனிக்காரர்கள் தங்களுடன் வாழ்ந்த இந்திய ஸ்திரீக்கும் அவள் வயிற்றுக் குழந்தைகளுக்கும் பணம் எழுதிவைத்த உயில்கள் உண்டு. சிலவற்றில் அந்த ஸ்திரீயின் பெயர் இருக்கிறது. சிலவற்றில் ‘என் குழந்தையின் தாய்’ என்பதோடு சரி. இன்றைய ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று தன் மூலத்தைத் தேடிப் போனால் அந்த வரியில் போய்த்தான் முட்டி நிற்க நேரும். மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டம் வைத்திருந்தவர்களின் உயில்களிலோ, அடிமைகளாக இருந்த மனிதர்கள் ஆடுமாடுகளோடு சேர்த்துச் சொத்தாக எழுதப்பட்டிருக்கிறார்கள். அவர்களுடைய சந்ததியாருக்கு, முன்னோரின் பெயர் அகப்படும் இடம் பல சமயங்களில் அந்தக் கொடிய பட்டியல்தான். எஜமானனுடைய காகிதம் எரிந்தால் அவர்களுடைய கதையும் கூடவே எரிந்து போகும்.

தீயும் சிக்கனமும்

எரியவும் செய்தது. 1922-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதி, அயர்லாந்து உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணச் சாலை தீக்கிரையாகி, அத்தேசத்துப் பழைய உயில்களில் அநேகமாக எல்லாம் அழிந்தன. 1942-ம் வருஷம் மே மாதம் எக்ஸிடர் நகரத்தின்மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டபோது புரொபேட் காரியாலயம் எரிந்தது. டெவன் ஜில்லாவின் உயில்களில் பெரும்பாலானவையும் ஸாமர்செட் ஜில்லாவின் மிகப் பலவும் சாம்பலாயின. 1812 முதல் 1857 வரை வரி இலாகா எடுத்திருந்த நகல்களும், அதற்கு முன்பே ஆராய்ச்சியாளர் சிலர் பொறுமையாகக் கையால் எழுதி வைத்திருந்த குறிப்புகளுமே அங்குள்ள குடும்பங்களுக்கு இப்போது கதி.

யுத்தத் தீயாவது எதிரியின் செயல். 2023-ம் வருஷம் டிசம்பரில் பிரிட்டிஷ் நீதி இலாகா வேறொரு யோசனையை வெளியிட்டது. 1858 முதல் சேர்ந்திருக்கும் சுமார் 11 கோடிப் பத்திரங்களையும் கணினிப் படங்களாக எடுத்துக்கொண்டு, 25 வருஷங்களுக்கு மேற்பட்ட மூலக் காகிதங்களை அழித்து விடலாம். பிரசித்தி பெற்றவர்களின் உயில்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வருஷத்துக்குச் சுமார் 45 லட்சம் பவுன் மிச்சமாகும் என்பது அதன் சாரம். சரித்திர ஆசிரியர்களிடமிருந்து பலத்த கண்டனம் எழுந்தது. படம் பிடிக்கையில் ஒரு வரி விட்டுப்போனால், அப்புறம் எதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது? அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: யார் பிரசித்தர் என்று யார் தீர்மானிப்பது?

1817-ம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி மணமாகாத ஒரு பெண்மணி தன் கைப்படச் சிறு உயில் ஒன்று எழுதினாள். சகோதரன் ஒருவனுக்கு 50 பவுன், குடும்பத்துக்கு வேண்டிய ஒரு பிரெஞ்சு மூதாட்டிக்கு 50 பவுன், பாக்கி யாவும் அருமைச் சகோதரி கஸான்ட்ராவுக்கு. சாட்சிக் கையெழுத்துக்கூட இல்லை. அவள் ஜூலையில் இறந்தபின், தெரிந்தவர்கள் இருவர் வந்து அது அவள் எழுத்துத்தான் என்று பிரமாணம் செய்தார்கள். செப்டம்பரில் புரொபேட் ஆயிற்று. அவள் நாலு நாவல்கள் வெளியிட்டிருந்தாள். எனினும் அவள் உயிரோடிருந்தவரை அவற்றில் ஒன்றிலாவது அவள் பெயர் அச்சாகவில்லை. ஜேன் ஆஸ்டின் என்பது அவள் பெயர். பிரசித்தர்களைப் பொறுக்கி எடுத்து மற்றவற்றைக் கொளுத்தும்படி அந்த வருஷத்திலே ஒரு குமாஸ்தாவுக்கு உத்தரவாகியிருந்தால், அந்தக் காகிதம் எந்தக் கட்டில் சேர்ந்திருக்கும்?

அன்றைக்கு யாரும் பொறுக்கி எடுக்கவில்லை. தச்சனுடையதும் விதவையினுடையதும் நாவலாசிரியையினுடையதும் ஒரே அலமாரியில் இருந்தன. அதனாலேயே இன்று கியூ ஆவணச் சாலையில் அவள் கையெழுத்தைக் காண முடிகிறது. எங்கேயோ ஒரு குடும்பமும் தன் தச்சுப் பாட்டன் தன் உளியை யாருக்குக் கொடுத்தான் என்று தேடித் தெரிந்துகொள்கிறது.